பஷ்மினா: காஷ்மீர் சால்வையும் அதை நூற்ற கைகளும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மதரஸாவின் பட்டமளிப்பு விழாவுக்கு நாம் சென்றிருந்தபோது மேடையில் நமக்கு ஒரு சால்வை அணிவித்தார்கள். தொட்டால் வழுக்கும் மென்மை. ஓரத்தில் 'நூறு சதவீதம் பஷ்மினா' என்ற துணிச்சீட்டு தைக்கப்பட்டிருந்தது. வீட்டுக்கு வந்ததும் குஞ்சத்திலிருந்து ஒரு நூலைப் பிய்த்து நெருப்பில் காட்டினோம். ஆட்டு ரோமமாக இருந்தால் முடி கருகும் வாடை வந்திருக்க வேண்டும். இதுவோ காகிதம் எரிவதுபோல் எரிந்து சாம்பலாகிவிட்டது. மரக்கூழிலிருந்து ஆலையில் தயாரிக்கப்படும் விஸ்கோஸ் நூல் அது.

சால்வை அணிவித்தவர்கள் மீது எந்தக் குறையும் இல்லை. நம்மைப் போலவே அவர்களும் சீட்டில் எழுதியிருந்ததை நம்பியிருக்கிறார்கள். ஆனால் அந்தச் சீட்டு நம்மை யோசிக்க வைத்தது. பஷ்மினா என்பது உண்மையில் என்ன? ஆறு நூற்றாண்டுகளுக்கும் மேலாக அதன் மதிப்பு குறையாமல் இருப்பது ஏன்? அந்தப் பெயர் வேறொரு துணியின் மேல் ஒட்டப்படும்போது இழப்பு யாருக்கு? இவற்றைத் தெரிந்துகொள்வது, வாங்குபவர்களுக்கும் அன்பளிப்பாகக் கொடுப்பவர்களுக்கும் பயன்படும்.

பெயரின் பொருள்

பாரசீக மொழியில் 'பஷ்ம்' என்றால் கம்பளி ரோமம். அதனால் ஆனது 'பஷ்மினா'. நாம் அன்றாடம் சொல்லும் 'சால்வை' என்ற சொல்லும் 'ஷால்' என்ற பாரசீகச் சொல்லின் வழியாகத் தமிழுக்கு வந்ததுதான். உலகச் சந்தையில் புழங்கும் 'காஷ்மியர்' என்ற பெயரோ காஷ்மீர் என்ற ஊர்ப்பெயரின் ஆங்கில உச்சரிப்பு. இன்று சீனாவிலும் மங்கோலியாவிலும்தான் காஷ்மியர் ரோமம் மிகுதியாகக் கிடைக்கிறது. ஆனாலும் அந்தப் பொருளுக்கு உலகம் சூட்டிய பெயர் காஷ்மீருடையதே.

அருள்மறையின் அந்நஹ்ல் அத்தியாயத்தில் 80ஆவது வசனம், கால்நடைகளிலிருந்து மனிதனுக்குக் கிடைக்கும் அருட்கொடைகளை எண்ணிச் சொல்லும்போது செம்மறியாட்டுக் கம்பளி, ஒட்டக ரோமம், வெள்ளாட்டு முடி ஆகிய மூன்றையும் தனித்தனிச் சொற்களால் குறிப்பிடுகிறது. இவற்றில் செம்மறிக் கம்பளிக்கு அரபியில் 'ஸூஃப்' என்று பெயர். கரடுமுரடான கம்பளி ஆடை அணிந்த எளியவர்களைக் குறித்தே 'ஸூஃபி' என்ற சொல் பிறந்தது என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. ஒரே கம்பளி ஒரு முனையில் துறவின் அடையாளமாகவும், மறுமுனையில் மன்னர்களின் தோளை அலங்கரிக்கும் ஆடம்பரமாகவும் இருந்திருக்கிறது. இந்த இரண்டாவது முனையில் இருப்பதுதான் பஷ்மினா.

ஆடும் அதன் குளிரும்

இந்த ரோமம் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் விளைவதில்லை. லடாக்கின் கிழக்கில், கடல் மட்டத்திலிருந்து 4000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் சாங்தாங் என்ற பீடபூமி உள்ளது. மரங்கள் இல்லாத, காற்று ஓயாத நிலம். குளிர்காலத்தில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரிக்கும் இறங்கும். அங்கே சாங்பா எனப்படும் நாடோடி மேய்ப்பர்கள், பெரும்பாலும் பௌத்தர்கள், ஒருவகை வெள்ளாடுகளை வளர்க்கிறார்கள்.

அந்த ஆட்டின் உடலில் இரண்டு அடுக்கு ரோமம் உண்டு. வெளியே நீண்ட, முரட்டு முடி. அதற்கு அடியில், தோலை ஒட்டி, பஞ்சு போன்ற மெல்லிய ரோமம். கடுங்குளிரைத் தாங்குவதற்காகவே இந்த அடி ரோமம் வளர்கிறது. குளிர் விலகியதும் அது தானாகவே உதிரத் தொடங்கும். அப்போது மேய்ப்பர்கள் ஆட்டைப் படுக்கவைத்துச் சீப்பால் வாரி அதை எடுக்கிறார்கள். ஆட்டைக் கொல்வதில்லை.

இந்த இழையின் தடிமன் பொதுவாக 12 முதல் 16 மைக்ரான் வரை இருக்கும். மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மனிதத் தலைமுடி ஏறத்தாழ 50 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும் என்பதோடு ஒப்பிட்டால் இதன் மென்மை புரியும். ஓர் ஆட்டிலிருந்து ஆண்டுக்குச் சில நூறு கிராம்தான் வாரி எடுக்க முடியும். அதிலும் முரட்டு முடியையும் அழுக்கையும் நீக்கினால் பாதிகூடத் தேறாது. ஒரு சால்வைக்கு மூன்று ஆடுகளின் ஓராண்டு ரோமமாவது தேவைப்படும்.

குளிர் குறைந்தால் ரோமம் மெலியும். பனி மிகுந்தாலோ மேய்ச்சல் நிலம் மூடி ஆடுகள் பட்டினியால் சாகும். 2013இன் தொடக்கத்தில் பெய்த கடும் பனியில் சாங்தாங்கில் ஆயிரக்கணக்கான ஆடுகளும் குட்டிகளும் மடிந்தன. பிள்ளைகளின் படிப்புக்காகவும் சம்பள வேலைக்காகவும் மேய்ப்பர் குடும்பங்கள் லே நகரத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கின்றன. சால்வையின் முதல் கண்ணியே இவ்வளவு மெலிதானது.

ரோமத்துக்காக நடந்த போர்

ஒரு காலத்தில் இந்த ரோமத்துக்காக அரசுகள் மோதிக்கொண்டன என்றால் இன்று நம்பக் கடினம். 1684இல் லடாக்கும் திபெத்தும் செய்துகொண்ட திங்மோஸ்காங் உடன்படிக்கையின்படி, மேற்குத் திபெத்தின் ரோமம் லடாக் வழியாகக் காஷ்மீர் வணிகர்களுக்கு மட்டுமே செல்ல வேண்டும் என்று ஏற்பாடானது. இதனால் சிறந்த ரோமம் முழுவதும் ஸ்ரீநகருக்கு வந்து சேர்ந்தது. ஜம்முவின் குலாப் சிங்கினுடைய தளபதி ஜோராவர் சிங் 1834இல் லடாக்கைக் கைப்பற்றியதற்கும், 1841இல் திபெத்துக்குள் படை நடத்தியதற்கும் இந்த ரோம வணிகம் முக்கியக் காரணங்களில் ஒன்று. திபெத்துக்குள் நடத்திய அந்தப் படையெடுப்பில் அவர் உயிரிழந்தார். 1962 இந்திய சீனப் போருக்குப் பின் எல்லை மூடப்பட்டு, திபெத்திய ரோமத்தின் வரவு நின்றுபோனது. அன்றிலிருந்து சாங்தாங்கின் இந்தியப் பகுதியே காஷ்மீரின் முக்கிய ஆதாரம்.

காஷ்மீரில் வேரூன்றியது எப்படி?

காஷ்மீரில் கம்பளி நெசவு மிகப் பழமையானது. ஆனால் மென்மையான பஷ்மினாத் தொழிலின் தொடக்கத்தை அம்மக்கள் ஒரு மார்க்க அறிஞரோடு இணைத்துச் சொல்கிறார்கள். ஈரானின் ஹமதான் நகரைச் சேர்ந்த மீர் ஸையித் அலீ ஹமதானீ (ரஹ்) 14ஆம் நூற்றாண்டில் காஷ்மீருக்கு வந்தார். அவருடன் வந்த சீடர்களில் பல கைவினைஞர்களும் இருந்தார்கள். லடாக் ஆட்டின் ரோமத்தைக் கண்ட அவர், அதனால் காலுறை பின்னச் செய்து காஷ்மீர் சுல்தானுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார் என்றும், அதிலிருந்து தொழில் தொடங்கியது என்றும் மரபுச் செய்தி கூறுகிறது. ஜீலம் நதிக்கரையில் அவர் பெயரால் நிற்கும் கான்காஹே முஅல்லாவை இன்றும் கைவினைஞர்கள் தங்கள் தொழிலோடு சேர்த்தே நினைவுகூர்கிறார்கள்.

இந்தச் செய்தியில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வந்த அறிஞர் உபதேசத்தோடு நிற்கவில்லை. மக்கள் உழைத்து உண்பதற்கு ஒரு தொழிலையும் காட்டினார் என்றே அம்மக்கள் அவரை நினைவில் வைத்திருக்கிறார்கள்.

15ஆம் நூற்றாண்டில் அரைநூற்றாண்டு ஆண்ட சுல்தான் ஜைனுல் ஆபிதீன் வெளிநாடுகளிலிருந்து கைவினைஞர்களை வரவழைத்துப் பல தொழில்களை வளர்த்தார். 1586இல் அக்பர் காஷ்மீரைத் தம் ஆட்சியில் இணைத்தபின் சால்வைக்குப் பேரரசின் சந்தை கிடைத்தது. அபுல் ஃபஸ்ல் எழுதிய ஆயினே அக்பரீ, சால்வை மீது அக்பருக்கு இருந்த ஈடுபாட்டை விரிவாகப் பதிவு செய்கிறது. இரண்டு சால்வைகளை முதுகோடு முதுகு வைத்து இணைத்து, நெசவின் பின்புறம் வெளியே தெரியாதவாறு அணியும் 'தோஷாலா' வழக்கம் அவர் காலத்தது. அரசர் ஒருவரைப் பெருமைப்படுத்தக் 'கில்அத்' என்ற மரியாதை ஆடை வழங்கும்போது அதில் காஷ்மீர் சால்வைக்கு உயர்ந்த இடம் இருந்தது. நம் மேடைகளில் சால்வை அணிவிக்கும்போது நாம் சொல்ல வருவதும் ஏறத்தாழ அதே மரியாதையைத்தான்.

நூற்கும் பெண்கள்

லடாக்கிலிருந்து வரும் ரோமத்தை முதலில் தொடுபவர்கள் ஸ்ரீநகரின் பெண்கள். முரட்டு முடியைக் கையால் பிரித்தெடுத்து, அரிசி மாவைத் தூவிச் சில நாள் வைத்திருப்பார்கள். மாவு எண்ணெய்ப் பசையையும் அழுக்கையும் இழுத்துக்கொண்டு இழைக்கு வலு தரும். பிறகு அதைச் சிறு சிறு பஞ்சுப் பொதியாக்கி, 'யிந்தர்' எனப்படும் மரச் சர்க்காவில் நூற்பார்கள். இழை மிக மெல்லியது என்பதால் இரண்டு இழைகளைச் சேர்த்து முறுக்கினால்தான் தறிக்குத் தாங்கும். வீட்டு வேலை முடிந்த பிறகு, ஜன்னல் வெளிச்சத்திலோ விளக்கொளியிலோ நடக்கும் வேலை இது. கணவரை இழந்த எத்தனையோ பெண்கள் யாரிடமும் கையேந்தாமல் பிள்ளைகளை வளர்த்தது இந்தச் சர்க்காவின் துணையால்தான்.

இந்த வேலைக்குக் கூலி 'கண்ட்', அதாவது முடிச்சுக் கணக்கில் வழங்கப்படுகிறது. ஏறத்தாழ ஒரு சாண் நீளமுள்ள பத்து இழைகள் சேர்ந்தது ஒரு முடிச்சு. நீண்ட காலமாக ஒரு முடிச்சுக்குக் கிடைத்த கூலி ஒரு ரூபாய். நாள் முழுவதும் நூற்றாலும் ஒரு கட்டடத் தொழிலாளியின் கூலியை எட்ட முடியாது. அண்மை ஆண்டுகளில் சில நிறுவனங்கள் முடிச்சுக்கு இரண்டு ரூபாயும் அதற்கு மேலும் தரத் தொடங்கியிருக்கின்றன. ஆனாலும் பல இளம்பெண்கள் தாயின் சர்க்காவில் உட்கார விரும்பவில்லை. அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை.

தறியும் தாலீமும்

நூல் அடுத்து நெசவாளரிடம் போகிறது. சாதாரணச் சால்வையைத் தறியில் நெய்ய சில நாட்கள் போதும். அதன்மேல் ஊசியால் 'ஸோஸ்னி' பூவேலை செய்தால் மாதங்கள் ஆகும். துணி முழுவதும் நிறைந்த வேலை என்றால் ஆண்டுகள் ஆகும். காஷ்மீரில் இந்த ஊசி வேலையைப் பெரும்பாலும் ஆண்கள் செய்கிறார்கள்.

எல்லாவற்றிலும் கடினமானது கானி சால்வை. 'கானி' என்பது நிற நூல் சுற்றிய சிறு மரக்குச்சி. ஒரு சால்வைக்கு நூற்றுக்கணக்கான குச்சிகள் தறியில் தொங்கும். நாடாவை இங்கிருந்து அங்கு வீசி நெய்வதில்லை. எந்த இடத்தில் எந்த நிறம் வேண்டுமோ அந்த இடத்தில் அந்தக் குச்சியை எடுத்துச் சில இழைகளுக்கு ஊடே நுழைத்து, அடுத்த நிறத்தோடு பின்னி, மீண்டும் அடுத்த குச்சி. ஒரு வரி முடிய அத்தனை குச்சிகளும் நகர வேண்டும். ஒரு நாளில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நகர்ந்தாலே நல்ல வேலை. புட்காம் மாவட்டத்தில் உள்ள கானிஹாமா என்ற ஊர் இந்த நெசவுக்குப் பேர்போனது.

இவ்வளவு சிக்கலான வடிவத்தை நெசவாளர் எப்படி நினைவில் வைத்திருக்கிறார்? அதற்காகவே காஷ்மீரில் ஒரு தனி எழுத்துமுறை உருவானது. அதன் பெயர் 'தாலீம்'. மதரஸாவில் நாம் கல்விக்குச் சொல்லும் அதே அரபுச் சொல்தான். 'நக்காஷ்' வடிவத்தை வரைவார். அதைப் பார்த்து ஒருவர் நிறங்களையும் இழை எண்ணிக்கையையும் வரிவரியாக உரக்கச் சொல்வார். 'தாலீம் குரு' அவற்றைச் சுருக்கக் குறிகளில் காகிதத்தில் எழுதுவார். அந்தக் காகிதத்தை வைத்து, இத்தனை இழை சிவப்பு, இத்தனை இழை பச்சை என்று நெய்துகொண்டே போவார்கள். முழு உருவத்தைப் பார்க்காமலேயே அதை நெய்து முடிக்க முடியும். பள்ளிக்கூடம் போகாத நெசவாளர்கள்கூட இந்தக் குறிகளைச் சரளமாக வாசித்தார்கள்.

பாரிஸ் வரை சென்ற மாங்காய்

நம் வீட்டுப் பட்டுப் புடவைகளில் 'மாங்காய் டிசைன்' என்று சொல்கிறோமே, அதுபோன்ற வளைந்த நுனி கொண்ட உருவம் காஷ்மீர் சால்வையில் 'பூட்டா' எனப்படும். முகலாயர் காலத்தில் வேரோடு கூடிய ஒற்றைப் பூச்செடியாக இருந்தது, தலைமுறை தலைமுறையாக நிறைந்து, நுனி வளைந்து, இந்த வடிவத்தை அடைந்தது.

1798இல் எகிப்துக்குப் படையெடுத்துச் சென்ற நெப்போலியனின் அதிகாரிகள் அங்கிருந்து காஷ்மீர் சால்வைகளைப் பிரான்சுக்குக் கொண்டுபோனார்கள். அவருடைய மனைவி ஜோசஃபின் அவற்றின் மீது பெரும் விருப்பம் கொண்டிருந்தார். காஷ்மீர் சால்வைத் துணியாலான உடையில் அவரது ஓவியமே உண்டு. ஐரோப்பியச் சீமாட்டிகளிடையே அது பரவியதும், பிரான்சின் ஜக்கார்ட் தறிகளிலும் பிரிட்டனின் ஆலைகளிலும் அதைப் போலவே நெய்து மலிவாக விற்கத் தொடங்கினார்கள். ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்ற நகரம் இந்தப் போலிச் சால்வைகளை ஏராளமாக உற்பத்தி செய்தது. முடிவில் காஷ்மீரின் பூட்டாவுக்கே உலகம் 'பெய்ஸ்லி' என்று பெயர் வைத்துவிட்டது. ஆக, காஷ்மீர் நெசவாளரின் பெயரை வேறொரு பொருள் எடுத்துக்கொள்வது இன்று தொடங்கிய கதை அல்ல.

சால்வை செழித்தது, நெசவாளர் மெலிந்தார்

ஐரோப்பாவில் ஒரு சால்வைக்குக் கொட்டிக் கொடுத்த பணத்தில் நெய்தவருக்கு என்ன கிடைத்தது? இந்தக் கேள்விக்கான விடைதான் இந்த வரலாற்றின் மிக வேதனையான பகுதி.

ஆப்கானியர் ஆட்சிக் காலத்தில் 'தாகே ஷால்' என்ற வரி வந்தது. 'தாக்' என்றால் முத்திரை. ஒவ்வொரு சால்வையும் அரசு முத்திரை பெற வேண்டும். அதற்கு வரி கட்ட வேண்டும். அடுத்து வந்த சீக்கியர் ஆட்சியும் அதற்குப் பின் வந்த டோக்ரா ஆட்சியும் இதைக் கைவிடவில்லை. சால்வையின் மதிப்பில் நான்கில் ஒரு பங்கு வரை அரசுக்குப் போனது. நெசவாளர் பெரும்பாலும் கார்கானா முதலாளியிடம் கடன்பட்டிருந்தார். தொழிலை விட்டு விலக அவருக்கு அனுமதி இல்லை. பஞ்சத்துக்கும் வரிக்கும் தப்பி ஓடியவர்கள் அமிர்தசரஸ், லூதியானா, நூர்பூர் போன்ற ஊர்களில் குடியேறினார்கள்.

1846இல் பிரிட்டிஷார் காஷ்மீரை 75 லட்சம் ரூபாய்க்கு குலாப் சிங்கிடம் ஒப்படைத்த அமிர்தசரஸ் உடன்படிக்கையில் ஒரு நிபந்தனை இருந்தது. ஆண்டுதோறும் ஒரு குதிரை, பன்னிரண்டு சால்வை ஆடுகள், மூன்று ஜோடி காஷ்மீர் சால்வைகள் ஆகியவற்றைத் திறையாகக் கொடுக்க வேண்டும். ஆட்டையும் சால்வையையும் குறிப்பிட்ட அந்த ஆவணத்தில், நெய்யும் மனிதரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

1865 ஏப்ரல் 29 அன்று ஸ்ரீநகரின் ஸால்டகர் பகுதியில் சால்வை நெசவாளர்கள் திரண்டு ஊர்வலம் போனார்கள். வரியைக் குறையுங்கள், தாகே ஷால் அதிகாரிகளின் கெடுபிடியை நிறுத்துங்கள் என்பதே அவர்களின் கோரிக்கை. அந்தத் துறையின் பொறுப்பாளர் ராஜ் காக் தரின் உருவபொம்மையைப் பாடையில் வைத்துச் சுமந்து சென்றார்கள். கையில் ஆயுதம் இல்லை. படை வந்து சுற்றி வளைத்துத் தாக்கியது. ஒரு குறுகிய பாலத்தின் வழியே தப்பி ஓட முயன்றவர்கள் நெரிசலில் கால்வாய்க்குள் விழுந்தார்கள். 28 பேர் உயிரிழந்ததாக வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. தலைமை தாங்கியவர்கள் சிறைக்குப் போனார்கள். உலகம் மே தினமாக நினைவுகூரும் சிகாகோ நிகழ்வு நடந்தது 1886இல். அதற்கு 21 ஆண்டுகளுக்கு முன்பே கூலிக்காகவும் கண்ணியத்துக்காகவும் இந்த நெசவாளர்கள் உயிர் கொடுத்திருக்கிறார்கள். நம் பாடநூல்களில் இந்த நிகழ்வை நாம் படித்ததில்லை.

சில ஆண்டுகளிலேயே தொழிலும் சரிந்தது. 1870இல் மூண்ட பிரான்ஸ் பிரஷ்யப் போர் முக்கியச் சந்தையை முடக்கியது. ஐரோப்பாவில் உடை நாகரிகமும் மாறிவிட்டது. 1877 முதல் 1879 வரை காஷ்மீரைத் தாக்கிய பெரும் பஞ்சத்தில் எஞ்சியிருந்த நெசவாளர்களில் பலர் மாண்டார்கள். பிழைத்தவர்கள் பலர் கம்பள நெசவுக்கு மாறினார்கள். தாலீம் எழுத்து அழியாமல் இருந்ததற்கு அந்தக் கம்பளத் தறிகளும் ஒரு காரணம். கானி நெசவு மீண்டும் தலையெடுத்தது 20ஆம் நூற்றாண்டில்தான்.

ஷாதூஷ் வேறு, பஷ்மினா வேறு

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். மோதிரத்துக்குள் நுழையும் சால்வை என்று புகழப்பட்ட ஷாதூஷ், பஷ்மினா அல்ல. அது திபெத்தியப் பீடபூமியில் வாழும் சிரு என்ற காட்டு மானினத்தின் ரோமம். அதை வளர்க்கவோ வாரவோ முடியாது; கொன்றுதான் எடுக்க முடியும். ஒரு சால்வைக்காகப் பல உயிர்கள் பலியாயின. சர்வதேச ஒப்பந்தத்தின் மூலம் 1970களிலேயே அதன் வணிகம் தடை செய்யப்பட்டது. ஜம்மு காஷ்மீர் மாநிலச் சட்டமும் 2002இல் அந்தத் தடையை ஏற்றது. யாராவது ஷாதூஷ் என்று சொல்லி விற்றால் அதை வாங்குவது குற்றம். உடுத்தும் ஆடம்பரத்துக்காக ஓர் உயிரினத்தையே அழிப்பதை எந்த நியாயமும் ஏற்காது.

இன்றைய போலிகள்

இன்று பஷ்மினாவுக்குப் போட்டியாக மூன்று வகை வந்திருக்கின்றன. முதலாவது, நமக்கு அணிவிக்கப்பட்டது போன்ற விஸ்கோஸ் அல்லது அக்ரிலிக் துணி. அதில் ஆட்டு ரோமம் துளியும் இல்லை. இரண்டாவது, சாதாரணக் கம்பளியோ பட்டோ கலந்தது. மூன்றாவது வகைதான் கண்டுபிடிக்கக் கடினமானது. கையால் நூற்ற மெல்லிய இழை விசைத்தறியின் வேகத்தைத் தாங்காது. எனவே ரோமத்தோடு நைலான் கலந்து இயந்திரத்தில் நூற்று, நெய்து, பிறகு அமிலத்தில் நைலானைக் கரைத்துவிடுகிறார்கள். ரோமம் உண்மையானதுதான். ஆனால் அமிலம் பட்ட இழையின் ஆயுள் குறைகிறது. நூற்கும் பெண்ணும் கைத்தறி நெசவாளரும் அந்தச் சால்வையில் இல்லை.

இயந்திரமே கூடாது என்று நாம் சொல்லவில்லை. இயந்திரத்தில் நெய்ததை இயந்திரத்தில் நெய்தது என்று சொல்லி விற்றால் அது நேர்மையான வணிகம். கைவேலை என்று சொல்லிக் கைவேலையின் விலையை வாங்கும்போதுதான் அது மோசடியாகிறது. நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் ஈரம் இருப்பதைக் கண்டு, அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைக்காதது ஏன் என்று கேட்டுக் கண்டித்த நிகழ்வை நாம் அறிவோம். துணிக்கடைக்கும் அதே அளவுகோல்தான்.

இந்த மோசடியைத் தடுக்க 2008இல் காஷ்மீர் பஷ்மினாவுக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அதன்படி ரோமம் 16 மைக்ரானுக்கு மிகாமல் இருக்க வேண்டும். கையால் நூற்றிருக்க வேண்டும். கைத்தறியில் நெய்திருக்க வேண்டும். ஸ்ரீநகரில் உள்ள கைவினை மேம்பாட்டு நிறுவனத்தின் ஆய்வகத்தில் சோதித்துத் தேறிய சால்வைக்கு எண்ணுடன் கூடிய முத்திரை ஒட்டப்படுகிறது. 2019இல் இந்திய தர நிர்ணய அமைவனமும் பஷ்மினாவுக்கான தரநிலையை வெளியிட்டது. ஒரு காலத்தில் முத்திரை என்றால் நெசவாளரின் கழுத்தை நெரித்த வரி. இன்று அதே முத்திரை அவருக்குக் காவலாக இருக்க வேண்டும் என்பதே நோக்கம். அந்த நோக்கம் நிறைவேறுவது வாங்குபவர் அதைக் கேட்பதில்தான் இருக்கிறது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

ஊட்டி, கொடைக்கானல், மாமல்லபுரம் போன்ற ஊர்களில் காஷ்மீரி வணிகர்கள் கடை வைத்திருப்பதை வாசகர்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே நேர்மையானவர்கள் நிறைய உண்டு. எந்தச் சந்தையிலும் இருப்பதுபோல் மற்றவர்களும் உண்டு. பின்வருவனவற்றை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

முதலில் விலை. மூன்று ஆடுகளின் ஓராண்டு ரோமம், ஒரு பெண்ணின் பல வார நூற்பு, நெசவு, சலவை எல்லாம் சேர்ந்த ஒரு பொருள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்க வழியே இல்லை. அந்த விலைக்குப் பஷ்மினா என்றால் அது பஷ்மினா அல்ல.

இரண்டாவது, மோதிரச் சோதனையை நம்ப வேண்டாம். மெல்லிய பட்டும் விஸ்கோஸும்கூட மோதிரத்துக்குள் நுழைந்துவிடும்.

மூன்றாவது, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கையால் நூற்ற இழையில் சிறு சிறு ஏற்ற இறக்கம் இருக்கும். நெசவு அச்சு அடித்ததுபோல் சீராக இருக்காது. பளபளப்பும் இருக்காது, மங்கிய மென்மைதான் இருக்கும்.

நான்காவது, எரித்துப் பார்க்கும் சோதனை ஓரளவுக்குத்தான் உதவும். காகிதம்போல் எரிந்தால் விஸ்கோஸ். உருகி உருண்டையானால் செயற்கை இழை. முடி கருகும் வாடை வந்தால் அது ஏதோ ஒரு விலங்கு இழை என்று மட்டும் தெரியும். செம்மறிக் கம்பளியும் அதே வாடைதான் தரும்.

ஐந்தாவது, விலை உயர்ந்த சால்வை என்றால் புவிசார் குறியீட்டு முத்திரையைக் கேளுங்கள். முத்திரை இல்லாத உண்மையான சால்வைகளும் உண்டு என்றாலும், கேட்கும் பழக்கமே வணிகரை முத்திரை பெறத் தூண்டும்.

வாங்கியதைக் குளிர்ந்த நீரில் மென்மையான சோப்பில் அலசி, முறுக்கிப் பிழியாமல், நிழலில் விரித்து உலர்த்த வேண்டும். பூச்சி அரிக்காமல் பருத்தித் துணியில் சுற்றி வைக்க வேண்டும். கிழிந்தால் தூக்கிப் போட வேண்டாம். கிழிசல் தெரியாமல் இழை சேர்க்கும் 'ரஃபூகர்' என்ற கைவினைஞர்கள் இன்றும் இருக்கிறார்கள். பழைய சால்வைகள் தாயிடமிருந்து மகளுக்குப் போவது இவர்களின் கைவண்ணத்தால்தான்.

ஏன் இன்னும் நிலைக்கிறது?

எடையே தெரியாத வெப்பம், ஆண்டுகள் ஆக ஆகக் கூடும் மென்மை ஆகியவை ஒரு காரணம். ஆனால் மென்மையை மட்டும் தேடுபவருக்கு இன்று மலிவான துணிகள் ஏராளம். பஷ்மினாவை மக்கள் இன்னும் தேடி வாங்குவதற்குக் காரணம், அதில் மனிதக் கைகள் தெரிவதுதான். சாங்தாங்கில் வாரிய கை, ஸ்ரீநகரில் நூற்ற கை, கானிஹாமாவில் குச்சி நகர்த்திய கை. பௌத்த மேய்ப்பரும் முஸ்லிம் நெசவாளரும் பல நூற்றாண்டுகளாக ஒரே நூலில் இணைந்திருக்கிறார்கள். அரசுகளும் எல்லைகளும் மாறியும் அந்த நூல் அறுந்துவிடவில்லை.

அது இனியும் அறாமல் இருக்க வேண்டுமானால், அந்தக் கைகளுக்குக் கூலி சேர வேண்டும். உழைப்பவரின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. பஷ்மினா வாங்க வசதி இல்லாதவர் வாங்காமல் இருப்பதில் குறை ஏதும் இல்லை. நல்ல செம்மறிக் கம்பளியோ நம்மூர்க் கைத்தறித் துண்டோ அன்பளிப்பாகக் கொடுத்தாலும் மரியாதைதான். வாங்க வசதி உள்ளவர், பேரம் பேசுவதற்கு முன் இதை நூற்றவருக்கு என்ன கிடைத்தது என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். கடைக்காரருக்கு விடை தெரியாவிட்டாலும், கேட்கப்பட்டது அவர் நினைவில் நிற்கும்.

நமக்கு அணிவிக்கப்பட்ட அந்தச் சால்வை இன்னும் நம்மிடம் இருக்கிறது. மார்கழிப் பனியில் ஃபஜ்ர் தொழுகைக்குப் போகும்போது அதைப் போர்த்திக்கொள்கிறோம். விஸ்கோஸ் துணி என்ற அளவில் அது நல்ல துணிதான். அதில் தைத்திருந்த சீட்டை மட்டும் பிரித்து எடுத்துவிட்டோம்.